அண்ணை கழுவிய பலிபீடம்

வெள்ளைத் துணியின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கறை. அந்த வருடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது அதுதான். துணி, டென்மார்க்கில் ஹேர்னிங்குக்கும் பிராண்டேக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் பலிபீடத்தில் விரிப்பது. மஞ்சள், கொப்பன்ஹேகனிலிருந்து ஒருவர் வாங்கி வந்து, தமிழ் அகதிகளான நாங்கள் சேர்ந்திருந்த வீட்டில் கறிக்குப் பங்கிட்டுக்கொண்ட பொட்டலத்திலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒன்று சேர்த்தவர் என் பெரியம்மாவின் மகன். நான் அவரை அண்ணை என்று அழைத்தேன். எங்களோடு இருந்தவர்களும் அப்படியே அழைத்தார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நடந்தது 1988 இலையுதிர் காலத்தில். அண்ணை இன்றும் 1987 என்றுதான் சாதிக்கிறார். அது சரியாக இருக்க முடியாது. கதையின் நடுவில் நிற்கும் பெண் போதகர் அந்த ஊருக்கு வந்ததே 88 வசந்தத்தில்தான். ஆனால் அண்ணைக்கு 87 ஏன் மனதில் ஒட்டிக்கொண்டது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் தமிழர் தங்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்கள் நீதி அமைச்சில் ஓரமாக வைக்கப்பட்டன. சட்டம் மாறவில்லை. அகதியாக ஏற்கப்பட்டவர் குடும்பத்தை அழைக்கலாம் என்ற உரிமை புத்தகத்தில் அப்படியே இருந்தது. விண்ணப்பங்கள் மட்டும் நகரவில்லை. இந்த நாட்டின் வரலாற்றில் 'தமிழர் விவகாரம்' என்று இடம் பிடித்து, 1993 ஜனவரியில் ஓர் அரசையே வீட்டுக்கு அனுப்பியது அதுதான். 88இல் எங்களில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது. தபாற்காரர் தாண்டிப் போவது மட்டும் தெரிந்தது. அண்ணையின் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். இந்திய இராணுவம் வந்திருந்த காலம். ஒரு மாதம் கடிதம் வராவிட்டால் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்திருப்பார்.

அண்ணைக்கு நகரசபை வேலை ஒன்று பிடித்துக் கொடுத்திருந்தது. தேவாலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில் வேலி வெட்டுவது, சரளைக்கல் பாதையை வாரி வரிவரியாக வைப்பது, பனி தள்ளுவது, உள்ளே தரை துடைப்பது. ஊரில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வளவில் வளர்ந்தவர் அவர். அவருடைய தகப்பன் அந்தக் கோயிலின் பொறுப்பாளராக இருந்தவர். திருவிழாவுக்கு வீதி கூட்டுவதும் வாழை கட்டுவதும் மண்டபம் கழுவுவதும் சின்ன வயதிலிருந்தே அவர் கையில் இருந்த வேலைகள். தேவாலய வேலை கிடைத்தபோது எங்களில் மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். தையல் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள் "அண்ணை மதம் மாறப்போறார்" என்றார்கள். அவர் அசையவில்லை. "கோயில் கோயில்தானே. ஆரின்ரை கோயில் எண்டு பாத்தே தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுறது?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போவார். அந்தத் தேவாலயத்தின் கூரையிலிருந்து ஒரு சின்னப் பாய்க்கப்பல் தொங்கும். டென்மார்க் தேவாலயங்களில் அது வழக்கம். அண்ணைக்கு அது மிகவும் பிடிக்கும். அதன் தூசியைத் துடைக்க ஏணி போட்டு ஏற அவருக்கு மட்டுமே அனுமதி.

அங்கே இருந்த போதகர் அறுபதை நெருங்கிய, நெட்டையான மனிதர். யூலண்ட் குடாநாட்டின் மேற்கில் உள்ள பழைய பக்தி வழியில் வந்தவர். சீட்டாட்டம், நடனம் எதுவும் வைத்துக்கொள்ளாத குடும்பம். அண்ணை அவரை 'ஐயா' என்று அழைத்தார். எங்களிடம் பேசும்போது 'எங்கட டெனிஷ் ஐயர்' என்பார். விண்ணப்பங்கள் நகரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஓயவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார். அண்ணையையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு கொப்பன்ஹேகனுக்கு ரயிலில் போய் அமைச்சின் வாசலில் நின்றார். ஞாயிறு பிரசங்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: சட்டம் ஒரு மனிதனுக்குக் கொடுத்ததை அமைச்சர் கையால் மறைத்து வைக்க முடியாது. சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அண்ணைக்கு அவர் கடவுளுக்கு அடுத்தபடி. இதை நான் மிகைப்படுத்தவில்லை. சாமிப் படங்களுக்குக் கீழே, பத்திரிகையிலிருந்து வெட்டிய அவருடைய படம் ஒட்டியிருந்தது.

88 வசந்தத்தில் சபை பெரிதாகிவிட்டதென்று இரண்டாவது போதகர் ஒருவரை நியமித்தார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண். உரத்த சிரிப்பு, வேகமான நடை, பின்னால் சாமான் ஏற்றுகிற நீளமான கார். டென்மார்க்கில் பெண்கள் போதகராகச் சட்டம் இடம் கொடுத்தது 1947இல். எழுபதுகளின் இறுதியில் வேலையில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் போதகர் பதவிக்கு ஒரு விலக்கு இருந்தது. பெண் அந்தப் பதவியில் நிற்பதை வேதம் ஒப்பவில்லை என்று மனச்சாட்சிப்படி நம்புகிறவர்களை வற்புறுத்தக்கூடாது என்பதற்காக வைத்த விலக்கு. பழைய போதகர் அப்படி நம்பியவர். அவளைக் கண்டால் மரியாதையாகத் தலையசைப்பார், கதவைத் திறந்து பிடிப்பார், கோப்பி ஊற்றிக் கொடுப்பார். ஆனால் அவள் பதவியேற்ற ஆராதனையில் வேதபாடம் வாசிக்க மறுத்துவிட்டார். அவளோடு சேர்ந்து ஒரே பலிபீடத்தில் நிற்கவும் மறுத்தார். எனவே ஞாயிறுகளில் இரண்டு ஆராதனை என்று ஒழுங்கானது. காலையில் அவளுடையது. அவளும் அவளுடைய ஆட்களும் போன பிறகு அவருடையது. ஊரில் ஒரு பகுதி முதலாவதற்குப் போனது, மறு பகுதி இரண்டாவதற்கு. ஒரே பலிபீடம், ஒரே மெழுகுதிரிகள், நடுவில் ஒரு இடைவெளி.

அந்த இடைவெளியைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சபை மண்டபத்தில் தமிழருக்காக அவர்கள் வைத்த ஒரு கூட்டம் அது. அந்த விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம். கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "கொப்பன்ஹேகனில் சட்டத்துக்கு விதிவிலக்கே கூடாது என்கிறீர்கள். இங்கே விலக்குக்குள் நின்றுகொண்டு பேசுகிறீர்கள்." அவர் துணியால் கோப்பையைத் துடைத்தபடி, "அங்கே நான் எனக்காகக் கேட்கவில்லை," என்றார். அவள் தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள். "நான் இங்கே எனக்காகத்தான் கேட்கிறேன். அதில் என்ன தவறு?" அவர் துடைத்த கோப்பையைத் தட்டில் கவிழ்த்தார். அடுத்த கோப்பையை எடுத்தார். எனக்கு அப்போது இருவருமே சரி என்று தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணைக்கு இந்த விலக்கு, வேதபாடம் ஒன்றும் தெரியாது. அவருடைய டெனிஷ் மொழி வேலி, சரளை, பனி, வாளி என்ற அளவில் நின்றது. அவர் கண்ணால் கண்டது இதுதான்: ஐயா அந்தப் பெண்மணி நிற்கும்போது பலிபீடத்துக்குக் கிட்டப் போவதில்லை. அவள் இறங்கிப் போன பிறகுதான் ஏறுகிறார். யாழ்ப்பாணத்துக் கோயிலில் வளர்ந்தவருக்கு இதற்கு விளக்கம் யாரும் சொல்லத் தேவையில்லை. துடக்கு. பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு எதுவானாலும் துடக்குள்ளவர் நின்ற இடத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் குருக்கள் ஏறுவார். ஐயா வாய்விட்டுக் கேட்க மாட்டாத பெரிய மனிதர். கேட்காமலே செய்ய வேண்டியது தன் கடமை என்று அண்ணை எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு, முதல் ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்ததும், வாளித் தண்ணீரோடு போய்ப் பலிபீடத்துப் படிகளைக் கழுவினார். சுற்றியிருந்த தடுப்புக் கட்டையைத் துடைத்தார். சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்த மஞ்சளைக் கரைத்து நாலு பக்கமும் தெளித்தார். ஒரு துளி துணியில் விழுந்தது. அதை அழிக்கத் தேய்த்தார். மஞ்சளைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்குத் தெரியாது.

ஓகன் என்ற பெரிய இசைக்கருவியை வாசிக்கிற பெண் இரண்டாவது ஆராதனைக்கான பாட்டுகளைப் பார்க்க மேலே மாடத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் கண்டாள். கீழே இறங்கி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். அண்ணை தனக்குத் தெரிந்த மொழியில் பெண் போதகர் நின்ற இடத்தைக் காட்டினார். வாளியைக் காட்டினார். பிறகு, "போதகருக்காக," என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பிற்பகலுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: பழைய போதகர், பெண் நின்ற பலிபீடத்தை வெளிநாட்டு வேலைக்காரனைக் கொண்டு கழுவுவிக்கிறார். வட்டாரப் பத்திரிகையிலிருந்து தொலைபேசி வந்தது. பெண் போதகர் வட்டாரத் தலைமைப் போதகருக்கு முறைப்பாடு எழுதினாள். அதன் சாரத்தை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். ஒருவரின் நம்பிக்கைக்காகச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு பெண்ணை அவள் வேலை செய்யும் இடத்தில் அழுக்காக நடத்துவதற்கு எந்தச் சட்டமும் விலக்குக் கொடுக்கவில்லை. அது நிரூபிக்கப்பட்டால் அவர் பதவியில் இருக்க முடியாது என்று எல்லாரும் பேசினார்கள். அவரிடம் கேட்டபோது, "நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை," என்று மட்டும் சொன்னார். யாரும் நம்பவில்லை. அப்படியானால் அந்த மனிதனைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்றார் தலைமைப் போதகர். பழைய போதகர் கூடாது என்றார். அந்த மனிதனின் குடும்பத்தின் விண்ணப்பம் அமைச்சில் கிடக்கிறது, அவன் பெயரை ஒரு விசாரணையில் எழுத நான் விடமாட்டேன், வேண்டுமானால் நான் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தச் செய்தியை நான்தான் அண்ணைக்குக் கொண்டுபோனேன். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றபடி சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். துடக்கு இல்லை என்றேன். இவர்களுக்கு அப்படி ஒன்றே கிடையாது, வேதத்தில் எழுதியிருக்கிற ஒரு வசனம்தான் பிரச்சினை என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். அண்ணை கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏன் அவ நிக்கேக்கை கிட்டப் போறேல்லை?"

"அது நம்பிக்கை, அண்ணை."

"நம்பிக்கையோ?" என்றார். வெட்டிய வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கினார். "பாக்க ஒரே மாதிரியெல்லே கிடக்கு."

எங்களோடு இருந்த இருவர் அன்றே ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். நீ உன் பாட்டில் கழுவினேன் என்று சொன்னால் பாகுபாட்டுச் சட்டத்தில் உன்னைத்தான் பிடிப்பார்கள், குற்றம் செய்தவனின் மனைவியை நாட்டுக்குள் விட அமைச்சருக்கு என்ன பைத்தியமா, அவர் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார், நீயே தட்டில் வைத்துக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கோயில் கழுவி மனிசியை இழந்த முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை." அண்ணை என்னைப் பார்த்தார். அப்படி நடக்குமா என்று கேட்டார். நான் நிறைய வாசிக்கிறவன் என்ற பெயர் எனக்கு அங்கே இருந்தது. சட்டப்படி நடக்கக்கூடாது என்றேன். "சட்டப்படி பாத்தால் என்ரை மனிசி போன வருசமே வந்திருக்கோணும்," என்றார். சட்டத்தை ஒருமுறை மறைத்த கை இன்னொருமுறை மறைக்காது என்று அந்த வருடத்தில் யாரால் சொல்ல முடியும்?

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும் முன், தலைமைப் போதகரிடம் கதைக்க வேண்டும், நீ வந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் சபை மண்டபத்தில் நடந்தது. சபைக் குழுவில் விவசாயிகள், ஒரு பள்ளி ஆசிரியை, பால்பண்ணைக்காரர் ஒருவர். தலைமைப் போதகர் நடுவில். பெண் போதகர் மேசையின் ஒரு முனையில், பழையவர் மறுமுனையில். கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் சண்டைக்கும் கேக் உண்டு. அண்ணை கோட்டைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவும் இல்லை. என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை. என்னைக் காப்பாத்திறன் எண்டு போட்டு ஒண்டையும் மறைக்காதை." பிறகு நிமிர்ந்து சொன்னார்.

"ஐயா என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நானாத்தான் கழுவினனான். எங்கட ஊரிலை துடக்கு எண்டால் கழுவித்தான் ஐயரை ஏத்திறது. இவ நிண்ட இடத்திலை ஐயா ஏறாமல் நிக்கிறதைக் கண்டன். துடக்காக்கும் எண்டு நினைச்சன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் என்னைத் திட்டியிருப்பார். பிழை என்ரை. என்ரை மனிசி பிள்ளையின்ரை பேப்பரிலை இதை எழுதுறதெண்டால் எழுதுங்கோ."

கடைசி வசனத்தை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. துடக்கு என்பதை அவர்கள் மொழியில் சொல்ல இன்னும் கூடுதல் நேரம். சுத்தமின்மை என்று சொன்னேன். பள்ளி ஆசிரியை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பெண் போதகர் தாழ்த்தவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் அண்ணையை நேரே பார்த்துக் கேட்டாள். உங்கள் மனைவியும் கோயிலுக்கு வெளியே நிற்பாரா? மாதத்தில் மூன்று நாள் என்றார் அண்ணை. அப்படியானால் நான் மட்டும் ஏன் எல்லா ஞாயிறும் என்று அவள் கேட்டாள். அண்ணை சங்கடப்பட்டார். பழைய போதகரை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதம்மா," என்றார். "ஐயாவே தள்ளி நிண்டால் ஏதோ பெரிய துடக்கெண்டுதானே நினைக்கிறது."

நான் அதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பழைய போதகர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவர் தன் சக போதகரைப் பார்த்து, தான் ஒருநாளும் அவளை அசுத்தம் என்று எண்ணியதில்லை என்றார். கடவுளுக்கு முன் அவளும் தானும் ஒன்று. பதவியைப் பற்றி மட்டும்தான் தன் மனச்சாட்சி பேசுகிறது, அவளைப் பற்றி அல்ல. அவர் உண்மை சொல்கிறார் என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவளுக்கும் இருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் மெதுவாகத்தான் பதில் சொன்னாள்.

"உங்களை நம்புகிறேன். ஆனால் இந்த மனிதர் உங்களை நேசிக்கிறவர். ஒவ்வொரு ஞாயிறும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். உங்கள் மனச்சாட்சி அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. இங்கே வருகிற சின்னப் பெண்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?"

யாரும் கேக்கைத் தொடவில்லை. அவர் உட்கார்ந்தார். தலைமைப் போதகர், முறைப்பாட்டை என்ன செய்வது என்று கேட்டார். கழுவச் சொன்னார் என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள் அவள். ஞாயிறைப் பிளந்து வைத்திருக்கும் ஒழுங்கைப் பற்றிய முறைப்பாட்டைத் திரும்பப் பெறவில்லை. அண்ணையின் பெயர் எந்தத் தாளிலும் எழுதப்படாது என்று தலைமைப் போதகர் உறுதி சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தபோது அண்ணை தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது, "மனிசி அறிஞ்சால் சிரிப்பாள்," என்றார். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒரு பாத்திரம் கழுவினதில்லை நான்."

அடுத்த ஞாயிறு நடந்ததை அண்ணையின் வாயால்தான் அறிந்தேன். முதல் ஆராதனை தொடங்கிய பிறகு பழைய போதகர் வந்திருக்கிறார். அங்கி இல்லாமல், சாதாரணக் கோட்டோடு, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். திருவிருந்துக்கு முன்னே போகவில்லை. ஆனால் எல்லாப் பாட்டும் பாடினார். முடிவில் போதகர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பது வழக்கம். அவரும் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது அவளுக்குக் கை கொடுத்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் அதைத் தவறவிடவில்லை. தன் நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவளோடு சேர்ந்து பலிபீடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. இரண்டு ஆராதனை ஒழுங்கு மட்டும் போனது. ஒரு ஞாயிறு அவள், ஒரு ஞாயிறு அவர், இருவரின் ஆட்களும் ஒரே வாங்குகளில் உட்கார்ந்தார்கள். ஊர் இரண்டாகப் போகாமல் தப்பியது. இன்று டென்மார்க்கில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் பேர் போதகர்களாக இருக்கிறார்கள். அவரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே மனச்சாட்சிதான் ஒரு மனிதனை அமைச்சின் வாசலில் எங்களுக்காக நிறுத்தியது. ஆனால் ஒன்றை நான் உறுதியாகச் சொல்வேன். மனச்சாட்சி ஒருவரைத் தன் கால் வைக்கும் இடத்தில் தடுத்து நிறுத்தலாம். அது அவருடைய உரிமை. இன்னொருவரின் கால் பட்ட இடத்தை அசுத்தமாக்கத் தொடங்கும்போது அங்கே சட்டம் வரவேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே என்று நூல்களில் நிறைய வாசித்திருக்கிறேன். எனக்கு அது விளங்கியது நூலில் அல்ல.

1989இல் காற்று மாறியது. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, ஓரமாகக் கிடந்த விண்ணப்பங்கள் மேசைக்கு வந்தன. அண்ணையின் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி வந்தது. கழுவியதைப் பற்றி யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. கடிதத்தை நான் வாசித்துச் சொன்னபோது அவர் அதை வாங்கி, விளங்காத மொழியில் தானும் ஒருமுறை முழுக்க வாசித்தார்.

அவர்கள் கொப்பன்ஹேகனில் இறங்கி ரயிலில் வைலே நகரம்வரை வந்தார்கள். வைலேயிலிருந்து அழைத்துவரக் கார் வேண்டும். பெண் போதகர் தன் நீளக் காரைக் கொண்டுவருகிறேன் என்றாள். பழைய போதகர், நானும் வருவேன், நான் வராமல் எப்படி என்றார். நான் வீட்டில் நின்று சமைத்தேன். அண்ணைக்குத் தனியாக எடுத்த புது வீடு அது. இருப்பறையில் பக்கத்து வீட்டார் கொடுத்த சோபா, நாற்காலிகள், பூச்சாடி, ஜன்னல் விளிம்பில் சின்ன டென்மார்க் கொடி. அதே அறையின் மூலையில் சாமித்தட்டு. புதுத் திரி போட்டு, எண்ணெய் விட்டு, விளக்கைக் கொளுத்தாமல் வைத்திருந்தார். மனைவி வந்து கொளுத்தவேண்டும் என்று.

கார் வந்து நின்றபோது முன் கதவுகள் இரண்டிலிருந்தும் இரண்டு போதகர்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அண்ணை பின்னாலிருந்து இறங்கி என்னிடம் சொன்னார்: "வழி முழுக்கச் சண்டை. வேதமோ ரோட்டோ தெரியாது. எனக்கு விளங்கினது இடம், வலம் ரெண்டும்தான்." மனைவி மகளின் கையைப் பிடித்தபடி ஏறி வந்தார். மெலிந்திருந்தார். வாசலுக்கு உள்ளே வந்து, இருப்பறையின் கதவுநிலையில் நின்று, சாமித்தட்டைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினார். அண்ணையிடம் மெல்லிய குரலில் சொன்னது எனக்கும் கேட்டது.

"நான் உள்ளுக்கு வரேல்லை. பிளேனிலை வரேக்கை துடக்காப் போச்சு."

அண்ணை இரண்டு வருடம் காத்திருந்த மனிதர். அந்தச் சபை மண்டபத்தில் நின்ற மனிதரும் அவர்தான். "அதொண்டும் இஞ்சை பாக்கிறேல்லை," என்றார். "வா. வந்து விளக்கைக் கொளுத்து."

"நீங்கள் பாக்காட்டி விடுங்கோ," என்றார் அவர் மனைவி. சத்தமில்லாமல், ஆனால் அசையாமல். "நான் பாக்கிறன்."

பெண் போதகர் என்னைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். பழைய போதகரும் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் ஒரு கணம் அண்ணையின் மனைவியையே பார்த்தாள். பிறகு தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு, "சரி, அப்படியானால் குசினிக்குப் போவோம்," என்றாள்.

அலங்கரித்த இருப்பறையை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் குசினிக்குள் வந்தோம். இருவர் நிற்கத்தான் இடம் உள்ள குசினி. மகள் அடுப்புப் பக்கத்துத் தட்டில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணையின் மனைவி தானே தேநீர் போட்டார், வந்த முதல் நாளே, யார் சொல்லியும் கேட்காமல். நெட்டை மனிதர் தலையில் அலுமாரி இடிக்காமல் இருக்கக் குனிந்து, குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நின்றார். இடமில்லாததால் பெண் போதகர் அவருக்குத் தோளோடு தோளாக நின்றாள். அவருடைய தேநீர்க் கோப்பை விளிம்புவரை நிரம்பியிருந்ததால், சிந்தாதபடி அவள் அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.